விரல் வைக்கிற இடம்

லத்தீபா: குவாண்டம்னு மட்டும் சொல்லாத கோமளா. வேற எது வேணா சொல்லு, கேட்டுக்கறேன்.

கோமளா: எங்க அக்குபங்சர் கிளாஸ்ல அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்கோ டீச்சர். ஒடம்புல ஓடுற சக்தியும் அந்தக் குவாண்டமும் ஒண்ணுதானாம்.

லத்தீபா: ஆயுசு பூரா பிசிக்ஸ் எடுத்தவ வீட்டுக்கே வந்து, என் எதிர்லயே உக்காந்துக்கிட்டு... ரொம்பத் தைரியம்தான் உனக்கு.

கோமளா: சரி, வெறும் சக்தின்னே வச்சிக்கலாம். வலது கையக் குடுங்கோ. மொதல்ல நாடி பாக்கறேன், அப்பறம் தோள்பட்டை.

லத்தீபா: மொதல்ல டீயக் குடி. தோணிரேவுல இருந்து இந்த வெயில்ல நடந்து வந்திருக்க... ஏய், டம்ளரை அப்பிடியே புடிக்காத! இப்பத்தான் அடுப்புலருந்து எறக்குனேன்!

கோமளா: இன்னா சுடுது... ஒண்ணியும் சுடல.

லத்தீபா: சீனி?

கோமளா: வேணாம். இப்பல்லாம் போட்டுக்கறதில்ல.

லத்தீபா: முறுக்கு?

கோமளா: அது மேல் தட்டுல இல்ல இருக்குது. இருங்கோ, நான் எடுக்கறேன்...

லத்தீபா: நீ உக்காரு. இதோ, எடுத்துட்டேன். இன்னா அப்பிடிப் பாக்கற?

கோமளா: ஒண்ணுமில்ல. முறுக்கு நல்லா இருக்குது.

லத்தீபா: இன்னும் வாயிலயே வைக்கல நீ.

கோமளா: பாத்தாலே தெரியுது டீச்சர். கையக் குடுங்கோ.

லத்தீபா: போன்ல சொன்னியே, அது நெசமா? இன்னியோட கடைசின்னு?

கோமளா: ஆமா. பிரதாப்பு மீஞ்சூருக்கே வந்துடும்மான்றான். பையன் கூப்புடறப்ப போவாம இருக்க முடியுமா?

லத்தீபா: பையன் வீட்டுக்குத்தானே போற? வேற கிரகத்துக்கா? சனிக்கிழமை ஒரு பஸ் புடிச்சா வந்துடலாம்.

கோமளா: இல்ல டீச்சர், வைத்தியமே வாணாம்னு வுட்டுட்டேன். பேசாதீங்கோ, நாடி பாக்கறேன். கண்ண மூடி மூச்ச மட்டும் கவனிங்கோ. உள்ள வருது... வெளில போவுது...

லத்தீபா: வராம எங்க போகும்.

கோமளா: பேசாதீங்கோன்னேன்... ம். நிதானமா ஓடுது.

லத்தீபா: நிதானமாவா?

கோமளா: ஏன் டீச்சர்?

லத்தீபா: ஒண்ணுமில்ல. நிதானம்னா நிதானம்தான்.

கோமளா: உங்களுக்கு இதுல நம்பிக்கையே கெடையாது. அப்பறம் ஏன் வாரா வாரம் கூப்புடறீங்கோ?

லத்தீபா: நம்பிக்கை இல்லதான். ஆனா ஒண்ணு அளந்து பாத்தேன். என் மக ரிஃபா பெங்களூர்லருந்து ஒரு மெஷின் அனுப்பியிருந்தா, விரல்ல மாட்டுனா நாடித் துடிப்பு எவ்வளவுன்னு காட்டும். நீ கை வச்சிருக்கும்போது இடது கையில அத மாட்டியிருந்தேன், நெனவிருக்கா?

கோமளா: மூச்சுக்குப் பாக்கறேன்னீங்களே!

லத்தீபா: பொய். நீ கை வச்சதும் மொதல்ல ஏறுது. கொஞ்ச நேரத்துல எறங்கி, அடங்கிடுது.

கோமளா: பாத்தீங்களா! இத்தத்தான குவாண்டம்...

லத்தீபா: இல்லன்னு சொல்றேன்ல! ரொம்பச் சின்னத் துகள் இருக்கே, அத அளக்கப் போனா, அளக்குறதாலயே அது மாறிடும். அது குவாண்டம். இது வேற. கேக்க ஒரே மாதிரி இருக்கும், அதுக்காக ஒண்ணுன்னு சொல்லிட முடியாது. ஆனா எறங்குனது நெசம். நீ போனப்பறம் என் இடது கையாலயே, நீ வச்ச அதே எடத்துல விரல் வச்சுப் பாத்தேன். எறங்கல.

கோமளா: தனக்குத்தானே வச்சிக்கினா எறங்காது டீச்சர்.

லத்தீபா: ஏன்?

கோமளா: அது எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்கதான டீச்சரு.

லத்தீபா: பாடத்துல இதுக்குப் பதில் இல்ல. பாடத்துல இருக்கறது வேற. இப்ப நீ என் கையத் தொடுறதா நெனைச்சுக்கிட்டு இருக்கல்ல?

கோமளா: நெனைக்கறது இன்னா... தொட்டுக்கினுதான இருக்கேன்.

லத்தீபா: தொடல. உன் விரல்ல இருக்கற எலக்ட்ரானும் என் தோல்ல இருக்கற எலக்ட்ரானும் கிட்ட வராத, வராதன்னு ஒண்ணையொண்ணு தள்ளுது. அந்தத் தள்ளலைத்தான் தொடுறதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம். எவ்வளவு கிட்டப் போனாலும் நடுவுல துளி எடம் இருந்துக்கிட்டேதான் இருக்கும்.

கோமளா: அடப்பாவமே... அப்போ இத்தினி நாளா நான் உங்களத் தொட்டதே இல்லியா?

லத்தீபா: யாரும் யாரையும் தொட்டதில்ல.

கோமளா: பெத்த புள்ளையக் கூடவா?

லத்தீபா: ம்.

கோமளா: இத்தப் போயா புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்கோ?

லத்தீபா: பசங்களுக்கு இந்தப் பாடம்தான் ரொம்பப் புடிக்கும். ஒருத்தனை ஒருத்தன் கிள்ளிட்டு, ‘நான் தொடவே இல்ல மிஸ், எலக்ட்ரான் மிஸ்’ம்பானுங்க. எனக்கும் சிரிப்பு தாங்காது. அப்ப சாயங்காலம் வீட்டுக்கு வந்தா ஆள் இருந்தாங்க... சிரிப்பு வந்துச்சு.

கோமளா: ஐயா போனதுலருந்து நீங்க வெளிலயே வர்றதில்லன்னு மீன் மார்க்கெட்ல சொல்றாங்கோ.

லத்தீபா: எங்க போகச் சொல்ற? எங்க வீட்டுக்காரர் மௌத்தானப்ப வீடு நெறைய ஜனம். ஆளாளுக்குக் கட்டிப் புடிச்சு அழுதாங்க. அதுக்கப்பறம் யாரும் கிட்ட வர்றதில்ல. ‘சலாம் டீச்சர்’னு மரியாதையா தூரத்துலயே நின்னுட்டுப் போயிடறாங்க. ரிஃபா தெனமும் வீடியோவுல வர்றா, இல்லேங்கல. வெளிச்சம் வருது, சத்தம் வருது... சூடு வராது கோமளா.

கோமளா: தொழுவும்போது மனசு அடங்குதில்ல?

லத்தீபா: தொழும்போது அடங்குது. பாயச் சுருட்டுனதும் மறுபடியும் இதே வீடுதானே.

கோமளா: போன வருசம் நம்ம ஏரிக்கும் இப்பிடித்தான் ஆச்சி. முகத்துவாரத்த மண்ணு மூடிக்கினுச்சி. கடல் தண்ணி உள்ள வர்ல, இங்க இருக்கறதும் வெளில போவல. தண்ணி காஞ்சி, உப்பேறி, மீனெல்லாம் செத்து மெதந்துச்சி.

லத்தீபா: உயிருன்னா அவ்வளவுதான். வரணும், போகணும். மூடி வச்சா எதுவும் நிக்காது. ஏரிக்கு ஜேசிபி கொண்டாந்து வாயத் தோண்டுனாங்க. மனுசங்களுக்கு யாரு தோண்டறது?

கோமளா: டீச்சர்... ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?

லத்தீபா: கேளு.

கோமளா: அந்த முறுக்கு டப்பாவ எந்தக் கையால எடுத்தீங்கோ? வலது கையால. தலைக்கு மேல தூக்கி, அசால்ட்டா எடுத்தீங்கோ. தல சீவ கூட கை ஏறலன்னு போன வாரம் சொன்ன கையி.

லத்தீபா: இன்னிக்கி கொஞ்சம் பரவாயில்ல...

கோமளா: டீச்சர்!

லத்தீபா: சரி. வலி இல்ல. போயி ரொம்ப நாளாச்சு. உன்னாலயோ தானாவோ, போயிடுச்சு. சொன்னா நீ வர மாட்டியேன்னு சொல்லல. போதுமா? வாரத்துல ஒரு நாள், என் மேல ஒரு கை படுறது அந்த ஒரு நாள்தான். அதுக்கு வலின்னாத்தான் நீ வருவேன்னா, வலின்னே சொல்லிட்டுப் போறேன்.

கோமளா: ஐய, அழாதீங்கோ.

லத்தீபா: அழல. இத்தன பசங்களுக்கு உண்மையச் சொல்லணும்னு பாடம் எடுத்துட்டு, தோள் வலின்னு பொய் சொல்லி ஆள் கூப்புடறேன் பாரு. வெக்கமா இருக்கு... நீ மீஞ்சூர் போ, நல்லா இரு. பையனாவது கூப்புட்டானே.

கோமளா: கூப்புடல.

லத்தீபா: இன்னா?

கோமளா: பிரதாப்பு கூப்புடல டீச்சர். அவன் போன் பண்ணியே மாசக்கணக்கா ஆச்சி. சும்மா சொன்னேன்.

லத்தீபா: அப்பறம் எதுக்கு வைத்தியத்த வுடற?

கோமளா: எனக்கு இந்த வித்தையே ஏரியில வந்தது. கிளாஸ்ல ஒரு காயிதம் குடுத்தாங்கோ, அவ்ளோதான். இடுப்பளவு தண்ணில பறிக் கூடையப் பல்லால கவ்விக்கினு சேத்துல இறால் தடவுவோம் பாருங்கோ... கண்ணுக்கு ஒண்ணியும் தெரியாது, விரலுக்குத் தெரியும். தொட்டதும் அடியில ஒரு துள்ளு துள்ளும். நாடியும் அதே மாதிரித்தான். மொத நாளு ஒரு கையப் புடிச்சப்பவே, அட, இறாலுன்னு நெனச்சிக்கினேன்.

லத்தீபா: ம்.

கோமளா: மழைக்கு முந்தி பொம்பளைங்களோட எறங்குனேன். சுத்தி எல்லாரு பறியும் ரொம்புது. எனக்கு ஒண்ணியும் கைல அம்புடல. இன்னிக்கி இறாலே இல்ல போலன்னு நின்னுக்கினு இருக்கேன்... கால்ல வந்து முட்டுது. கையத் தண்ணிக்கு மேல தூக்கிப் பாத்தா, கைக்குள்ளதான் இருக்குது, துள்ளுது. எனக்குத் தெரியல.

லத்தீபா: கோமளா...

கோமளா: விரல் செத்துப் போச்சி டீச்சர். யாருக்கும் தெரியாம பொன்னேரிக்குப் போயி ரத்தம் குடுத்தேன். சக்கரையாம், ரொம்ப ஏறிப் போச்சாம். தொட்டு வைத்தியம் பாக்கறவ நான், மாத்திர வாங்கப் போயி வரிசையில நிப்பனா? நின்னா ஊர்ல ஒருத்தராச்சும் கையக் குடுப்பாங்களா?

லத்தீபா: அதுக்குன்னு மாத்திரை போடாம இருந்தியா? பைத்தியமா உனக்கு?

கோமளா: மத்தவங்க வீட்டுக்கெல்லாம் போறத அப்பவே நிறுத்திட்டேன். உங்க வூட்டுக்கு மட்டும் வந்துக்கினு இருந்தேன். இங்க வந்தாத்தான் ஒருத்தரு எனக்கு டீ போட்டுக் குடுத்து, சாப்ட்டியான்னு கேக்கறாங்கோ. அதுக்கோசரம், ஒண்ணியும் தெரியாத விரல வச்சிக்கினு, வாரா வாரம் ‘நிதானமா ஓடுது’ன்னு உங்கள ஏமாத்திக்கினு இருந்தேன். இப்பக்கூட உங்க நாடி ஓடுதா நிக்குதான்னு எனக்குத் தெரியாது. இந்த விரல வச்சிக்கினு இனிமே வந்து இன்னா டீச்சர் பண்ணுவேன்?

லத்தீபா: மழைக்கு முந்தியிருந்தே நீ என் நாடி மேல விரலே வைக்கல கோமளா, ரெண்டு விரக்கடை தள்ளி வெறும் எலும்பு மேலதான் வைக்கற. திங்கக்கிழமை நானும் ஆஸ்பத்திரிக்கு வர்றேன், சேந்தே வரிசையில நிப்போம். சனிக்கிழமை வந்து, எப்பவும் போல அந்த எலும்பு மேலயே வை.