லிங்கேஷ் யாருக்காகச் சுற்றினான்

— வீடியோவை அழிச்சுட்டா எல்லாம் சரியாப் போச்சா, பிரின்ஸ்?

— மேட்டர் சிம்பிள், வேல்ராஜ். நம்ம போன்ல இப்ப இல்ல. நான் சென்னைல சித்தப்பா வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன். அதுக்குள்ள சங்கரன்கோவிலே இதை மறந்துரும்.

— நீ அழிச்சா ஊர்ல அழிஞ்சுருமாவே? தங்கசாமி அண்ணாச்சி தறிக்கூடத்துலயே ஓட்டிப் பார்த்திருக்கானுவ. தறிச் சத்தத்துல பாட்டு கேக்கலைன்னு வெளிய வந்து வேற பார்த்தானுவளாம்.

— அவரும் பார்த்தாரா?

— பெத்த மக முகம் வந்தா பார்க்காம இருப்பாரா? காவியாவுக்குக் காலேஜ் அன்னைக்கோட சரி. போனையும் பிடுங்கி வச்சாச்சு. வெள்ளிக்கிழமை சிவகிரில இருந்து பூ வைக்க வாராவ. மாப்பிள்ளை ரொம்ப மூத்தவனாம். இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தா டீச்சர் ஆயிருப்பா அந்தப் பிள்ளை.

— நாம என்ன கொலையா செஞ்சோம்? சும்மா கலாய்ச்சோம்.

— எடுத்தது நீ. பாட்டைப் போட்டு எழுத்தைச் சேர்த்தது நான். 'அம்மன் ஒத்தக்கால்ல தவசு, நம்ம ஆளு காவியா பின்னால தவசு.' எழுதும்போது பெருமையா இருந்துச்சு. இப்ப அந்த வெரலைப் பார்த்தாலே கூசுது.

— லிங்கேஷ் இருந்த இருப்பு அப்படி மக்கா. பரோட்டாவைப் பிச்சுப் போட்டு, சால்னாவை ஊத்திட்டு, அதையே முறைச்சுப் பார்த்துட்டு இருப்பான். பைக்கை ஸ்டார்ட் பண்ணிட்டு, எங்கலே போவணும்னு நம்மகிட்ட கேப்பான். அதைப் பார்த்துட்டு சிரிக்காம ஒப்பாரியா வைக்க முடியும்?

— யாருலே அந்தப் பிள்ளைன்னு எத்தனை மட்டம் கேட்டோம். வாயைத் திறந்தானா?

— அதான் ஆடிச்சுத்துல கண்ணாலயே பார்த்தோம்லா. வேண்டுதல்னு கோயிலைச் சுத்திச் சுத்தி வாரான். ஒவ்வொரு சுத்துலயும் முன்னால காவியா. கண்ணுல தண்ணி வேற.

— ஆடித்தபசுக் கூட்டம் அது. முன்னால போறவங்க பின்னாலதான் போயாகணும். முந்திப் போவ இடமா இருந்துச்சு? பொறந்ததுல இருந்து அந்தக் கூட்டத்துல இடிபடுதோம். அன்னைக்கு மட்டும் நமக்கு அது தோணலை.

— அப்ப காவியா இல்லைங்கியா?

— தெரியாமலே பேரைப் போட்டுட்டோமேங்கேன். காவியா அம்மா கோமதித்தாய் அத்தை, காலைல எங்கம்மாவைக் காய்கறிக் கடைல பார்த்திருக்கா. 'உங்க மவனுக்கு இந்தப் பயலுவளத் தெரியுமாக்கா, எம்பிள்ளை பேரை எழுதுனது யாருன்னு கேட்டுச் சொல்லுங்க'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாளாம். 'எம்மவன் இந்த மாதிரி ஆளுங்ககூடச் சேரமாட்டான்'னு எங்கம்மா அடிச்சுச் சொல்லிட்டு வந்திருக்கா. வந்து எனக்குச் சோறு போட்டா, பிரின்ஸ். அப்படியே வச்சுட்டு எந்திருச்சு வந்துட்டேன்.

— நீ இப்படியே பேசிட்டு இரு. வண்டி வர நேரமாச்சு.

— பையைத் தூக்காத. அங்கன பாரு, யாரு வாரான்னு.

— லிங்கேஷா? நான் ஸ்டேஷன்ல இருக்கேன்னு அவன்கிட்ட யாரு சொன்னா?

— நான்தான். உக்காரு.

— எங்க மக்கா கிளம்பிட்ட, பையும் கையுமா?

— அவன் கெடக்கான், லிங்கேஷ். உன் கன்னம் என்னலே இப்படி வீங்கியிருக்கு?

— தங்கசாமி அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன், வேல்ராஜ். உங்க பிள்ளைக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல, பேசினதுகூட இல்லன்னு சொல்லப் போனேன்.

— ஏலே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. அந்த வீடியோ... நானும் பிரின்ஸும்தான்.

— தெரியும். பாட்டுக்கு அடியில பிரின்ஸ் சிரிப்பு கேக்குல்லா. உன் சிரிப்பை எனக்குத் தெரியாதா, பிரின்ஸ்?

— தெரிஞ்சுமா எங்க பேரைச் சொல்லாம வந்த?

— ம். விளையாட்டுக்கு நான்தான் எடுக்கச் சொன்னேன்னு சொல்லிட்டேன். இல்லைன்னா நேரா உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாரு. அது வேண்டாம்னு பட்டுச்சு.

— லிங்கேஷ், என்னைப் பார்க்காத மக்கா. உன் மூஞ்சில முழிக்க முடியலை.

— அழுது என்ன செய்ய, பிரின்ஸ்? அண்ணாச்சி ஒண்ணு கேட்டாரு. 'எம்மக இல்லன்னா நீ யாருக்காகச் சுத்துன? அந்தப் பேரைச் சொல்லு. உண்மையா இருந்தா சிவகிரிக்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிருதேன், இவ படிக்கட்டும்'னாரு.

— சொன்னியா?

— சொல்லலை, வேல்ராஜ். அதுக்குத்தான் இந்த அறை.

— லூசாலே நீ? மேட்டர் சிம்பிள். ஒரு பேரு. அதைச் சொன்னா காவியா தப்பிச்சுருவா.

— சொன்னா அந்தப் பிள்ளை வீட்டுலயும் இதே கூத்து நடக்கும்லா, பிரின்ஸ்.

— நடக்க விடமாட்டேன். அவ வீட்டுக்கு நாங்க வாரோம். தப்பு எங்க மேலன்னு சொல்லுதோம். அடிச்சா நாங்க வாங்கிக்கிடுதோம். அவளுக்கு அண்ணன் தம்பி உண்டா?

— அண்ணன் உண்டு.

— அவன் கால்ல நான் விழுதேன். போதுமா?

— ஒத்துக்கிடலைன்னா?

— ஒத்துக்கிட வைப்பேன். தங்கச்சி ஆசைப்பட்டதுக்கு அடைச்சு வச்சா அவன் என்ன மனுசன்? சென்னை வண்டி போனாப் போவுது. இதைக்கூடச் செய்யலைன்னா நான் சாவுத வரைக்கும் தலைநிமிர முடியாது. அந்தப் பிள்ளை என்ன சொல்லுதா?

— பேரைச் சொல்லிருன்னுதான் சொல்லுதா. நம்மளால இன்னொரு பிள்ளை படிப்பு போவக் கூடாதுன்னு ஒரே அழுகை. நான்தான் தயங்குதேன்.

— கேட்டியாலே? அவளுக்கு இருக்குற தைரியம் உனக்கு இல்ல. யாருன்னு சொல்லித் தொலை, இப்பவே போவோம்.

— ஜாய்ஸ். உன் தங்கச்சிதான், பிரின்ஸ்.