மிதவைச் சாவடியில் மூன்று சிஸ்டர்கள்

— முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னாலே இழு, ஜுசிலேனி. நெத்தி முடி தெரியுது. சிஸ்டர் பொகுமிலா, நீங்களாவது சரி பண்ணி விடுங்க. நான் மோட்டாரை விட்டுட்டு வர முடியாது.

— சரிசெய்துவிட்டேன், சிஸ்டர் சுல்மிரா. ஆனால் மீண்டும் சொல்கிறேன். என் மாற்றுடையை இவளுக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்தத் தங்க முதலாளியின் சாவடியில் கேட்டால் நான் பொய் உரைக்க மாட்டேன்.

— போலந்திலேருந்து வந்து நாலு வருஷம் ஆச்சு, இன்னும் புத்தகம் வாசிக்கிற மாதிரியே பேசறீங்க. உங்களை யாரு பொய் சொல்லச் சொன்னா? வாயைத் திறக்காம இருங்க, போதும். பொய்யை நான் சொல்லிக்கறேன். அறுபத்திரண்டு வயசாச்சு, அடுத்த பாவசங்கீர்த்தனத்துலே இதையும் சேர்த்துக்கறேன்.

— என் ஆன்மாவைப் பற்றி மட்டும் நான் அஞ்சவில்லை. மனிகொரேயில் ஒன்பது நாட்டுச் சகோதரிகள் நூற்றுப்பத்துப் பேர் கூடுகிறார்கள். பாதிப் பேர் இந்த மதெய்ரா ஆற்றில்தான் வருகிறார்கள். நாம் பிடிபட்டால், நமக்குப் பின்னால் வரும் ஒரு படகையும் அவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

— கூட்டம் இருக்கிறதாலேதான் இன்னிக்குக் கிளம்பினோம். நேத்து ஒரு நாளிலே மட்டும் அஞ்சு படகு போயிருக்கு. பாதி சிஸ்டருங்க பொலிவியாக்காரங்க. சாவடியிலே இருக்கிறவன் எண்ணி எண்ணிச் சலிச்சிருப்பான். அடுத்த வாரம்னா இந்தப் பொண்ணைக் கீழே கொண்டுபோக என்ன சாக்கு சொல்றது?

— அம்மா, எனக்கு உடம்பு நடுங்குது. காய்ச்சலா பயமான்னு தெரியலை.

— ரெண்டும்தான் மகளே. மாத்திரை ஆரம்பிச்சு மூணு நாள்தானே ஆகுது. நீ எங்க மருந்தகத்துக்கு வந்த அன்னிக்கு என்ன சொன்னே? சமைக்கிற வேலைன்னு உன் ஊரு மரஞ்ஞாவ்லேருந்து கூட்டிட்டு வந்தாங்க, தங்கம் அள்ளுற இடத்துச் சாராயக்கடையிலே அடைச்சாங்க, அடையாள அட்டையைப் பிடுங்கிக்கிட்டாங்க. செத்தாலும் திரும்பிப் போக மாட்டேன்னு சொன்னே. அதை மட்டும் மனசுலே வெச்சுக்கோ. இப்ப நீ பொலிவியாக்காரி. அந்த மலைப் பேச்சைத் தவிர ஒண்ணும் தெரியாது. யார் என்ன கேட்டாலும் தலையைக் குனிஞ்சு ஜெபமாலையை உருட்டு.

— மனிகொரே போய்ச் சேர்ந்துட்டா?

— அங்கே பிஷப் இருக்காரு, அவரோட வக்கீல் இருக்காரு. நாலே நாள்லே உங்கம்மா முன்னாலே நிப்பே. இப்பப் பேச்சை நிறுத்து. அதோ மிதவை தெரியுது. ஒருத்தன் எழுந்து நிக்கறான்.

— அவன் கையில் துப்பாக்கி உள்ளது.

— எல்லாரு கையிலயும் உண்டு சிஸ்டர். சிரிங்க.

— மோட்டாரை அணைங்க. இந்தக் கயித்தைப் பிடிங்க. வணக்கம் சிஸ்டரம்மா, எத்தனை பேரு?

— வணக்கம் தம்பி. மூணே பேரு. நான் சுல்மிரா, மேலே மருந்தகத்திலே இருக்கேன். இவங்க போலந்து. அந்தச் சின்னவ பொலிவியா. மனிகொரே கூட்டத்துக்குப் போறோம்.

— பையிலே என்ன?

— மரவள்ளி மாவு, உப்புமீன், கூட்டத்திலே கட்டறதுக்கு ஒரு பதாகை. பிரிச்சுக் காட்டட்டுமா?

— வேண்டாம். மருந்தகம்னு சொன்னீங்களே, அப்ப உங்களைத்தான் கேக்கணும். மேலே கடையிலேருந்து ஒரு பொண்ணு காணாமப்போயி மூணு நாள் ஆச்சு. பத்தொன்பது வயசு, காய்ச்சல்காரி. மருந்துக்கு எங்கேயாவது வந்தே தீருவான்னு முதலாளி சொல்றாரு.

— காய்ச்சல்னு ஒரு நாளைக்கு நாப்பது பேர் வர்றாங்க தம்பி. யார் மூஞ்சியை ஞாபகம் வெச்சுக்கறது?

— பொலிவியா சிஸ்டர் ஏன் இப்படி வேர்த்துக் கொட்டறாங்க?

— குளிர்லே, மலை மேலே இருந்தவ. நம்ம ஆத்துப் புழுக்கம் ஒத்துக்கலை.

— பேரு என்ன?

— எப்பிஃபானியா.

— அவங்க சொல்லட்டுமே.

— நம்ம பேச்சு ஒரு வார்த்தை தெரியாது. ஸ்பானிஷே அரைகுறை.

— அப்படியா. பொலிவியா சிஸ்டர், சத்தம் போடாமத்தான் சொல்றேன். உங்க இடது காலுக்கு அடியிலே, பலகை இடுக்கிலே, ஒரு தேள் இருக்கு.

— தம்பி, பயமுறுத்தாதே, அவளுக்கு என்ன புரியும்?

— காலை இழுத்துக்கிட்டாங்களே சிஸ்டரம்மா. அதுவும் சரியா இடது காலை. தேளும் இல்லை, ஒண்ணும் இல்லை.

— நீ கையை நீட்டினே. அதைப் பார்த்துப் பயந்திருப்பா.

— என் கை ரெண்டும் துப்பாக்கி மேலே இருக்கு. நீங்க பேசாதீங்க. போலந்து சிஸ்டரைக் கேக்கறேன். உங்களைப் பார்த்தா பொய் சொல்றவங்களாத் தெரியலை. இவங்க உங்க மடத்து சிஸ்டரா?

— அவங்களுக்கும் நம்ம பேச்சு அவ்வளவா...

— அவங்களைக் கேட்டேன்.

— இல்லை. இவள் எங்கள் மடத்தைச் சேர்ந்தவள் அல்ல.

— பொகுமிலா, என்ன காரியம் பண்றீங்க?

— முன்னமே கூறினேன், சிஸ்டர் சுல்மிரா. ஐயா, நீர் தேடும் பெண் இவள்தான். இது உண்மை. இவளை நான் உம்மிடம் ஒப்படைக்கமாட்டேன். இதுவும் உண்மை. இவளை இறக்கினால் நானும் இறங்குவேன். இவள் கையைப் பிடித்துக்கொண்டே அந்தக் கடைக்குள் வருவேன். நாளைக் காலையில் மனிகொரேயில் பெயர்களை வாசிப்பார்கள். என் பெயருக்குப் பதில் வராது. ஏன் வரவில்லை என்று ஒன்பது நாடுகளிலிருந்து கேட்பார்கள். உம்முடைய முதலாளிக்கு அது வசதியாக இருக்குமா என்று யோசியும்.

— அம்மா, வேண்டாம். நான் இறங்கிடறேன். அண்ணே, இவங்களை விட்டுடுங்க. நானேதான் இவங்களைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன்.

— உக்காரு ஜுசிலேனி. படகு கவுந்துடும்.

— உக்காரும்மா. எல்லாரும் மெதுவாப் பேசுங்க. உள்ளே மூணு பேரு ரேடியோவிலே பந்தாட்டம் கேட்டுட்டு இருக்காங்க. இடைவேளை வந்தா ஒண்ணுக்குப் போக வெளியே வருவாங்க. அதுக்குப் பத்து நிமிஷம்கூட இல்லை.

— உனக்கு என்னதான் வேணும் தம்பி? நேராச் சொல்லிடு.

— இந்தப் பொண்ணுகிட்டே ஒரு விஷயம் கேக்கணும். பாருங்க, துப்பாக்கியைக் கீழே வெச்சுட்டேன்.

— கேட்டுக்கோ. அவளைத் தொடாதே.

— தொடலை. ஏம்மா, நீ இருந்த கடையிலே நெயிலான்னு ஒருத்தி இருந்தாளா? இடது புருவத்திலே தழும்பு இருக்கும்.

— இருக்கா. என் பக்கத்துப் பாய். அவளும் என்கூட வர்றதாத்தான் இருந்தது. கால் வீங்கிப்போய் நடக்க முடியலை. நீயாவது போய்ச் சேருடின்னு சன்னல் வழியா என்னைத் தள்ளிவிட்டது அவதான்.

— உயிரோட இருக்கா.

— நான் வர்றப்ப இருந்தா.

— அடிக்கறாங்களா?

— அதை ஏன் கேக்கறீங்க?

— சொல்லும்மா. ஆறு மாசமா இந்த மிதவையை விட்டு நகர விடலை என்னை. கேட்டா, அவ சௌக்கியமா இருக்கான்னு மட்டும் சொல்றாங்க.

— அடிக்கறாங்க. நான் ஓடினதுக்கு இப்ப இன்னும் அடிச்சிருப்பாங்க.

— வல்தெசின்னு ஒரு பேரு அவ வாயிலே வருமா?

— ஒரே ஒரு தடவை நான் கேட்டேன், வல்தெசி யாருன்னு. தூக்கத்திலே அந்தப் பேரைச் சொல்லி அழுதுட்டு இருந்தா. அவ முழிச்சதும் நான் கேட்டப்ப, தரையிலே துப்பினா. ஏன்னு சொல்லலை.

— எனக்குத் தெரியும்.

— ஐயா, நீர் அழுகிறீர்.

— போங்க சிஸ்டர். கயித்தை அவுத்துட்டேன். மோட்டாரைப் போடாதீங்க, அந்த வளைவு தாண்டற வரைக்கும் நீரோட்டத்திலேயே போங்க. மூணு சிஸ்டருங்க போனாங்கன்னு எழுதிக்கறேன். உங்க கூட்டத்திலே அந்தக் கடை எங்கே இருக்குன்னு எல்லாருக்கும் சொல்லுங்க. பெரிய மரம் சாய்ஞ்சு கிடக்கிற ஓடைக்குள்ளே, ரெண்டாவது துறை. வல்தெசிங்கிற என் பேரையும் சேர்த்தே சொல்லுங்க.

— தம்பி, ஒரு நிமிஷம். அந்த நெயிலா உனக்கு யாரு?

— கூடப்பிறந்த தங்கச்சி, சிஸ்டரம்மா. அவளை அங்கே கொண்டுபோய் விட்டவனே நான்தான்.