அசைபவர்க்கு மட்டும் எரியும்

எங்கள் கடையில் யாரும் அசையாமல் நிற்பதில்லை. அப்படியொரு பலகை எங்கும் மாட்டப்படவில்லை. யாரும் வாய்விட்டுச் சொன்னதுமில்லை. இருந்தும் கல்லாவில் இருப்பவர் சில்லறை எண்ணும்போது தோளைக் குலுக்குவார். துணிப் பிரிவுப் பெண்கள் இடுப்பை அசைத்தபடியே அளவெடுப்பார்கள். வாடிக்கையாளர்கள்கூட, சட்டையின் விலையைப் பார்த்துத் திகைக்கும்போது, ஒரு காலை ஆட்டிக்கொண்டே திகைப்பார்கள். ஐயா, நீங்கள் ஒருமுறை வந்து பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு உல்லாசமான கடை அது.

எல்லாம் கடையின் விளக்குகளால்தான். அவற்றைப் பொருத்தியவன் நான். ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் அணையும். பழைய குழல்விளக்குகள் ஆளில்லாத மூலைக்கெல்லாம் ஊதாரித்தனமாக ஒளியை வாரியிறைத்தன. என்னுடையவை அப்படியல்ல. ஒவ்வொன்றும் அணையும்போது என் அறைத் திரையில் ஒரு பச்சைப் புள்ளி சாம்பல் நிறமாகும். எனக்கு உள்ளங்கால்வரை குறுகுறுக்கும்.

“மாப்ள, உன் லைட்டு என்னை மனுஷனாவே மதிக்க மாட்டேங்குது. பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறதுக்குள்ள அணைஞ்சுபோகுது,” என்பார் கிடங்கைப் பார்த்துக்கொண்ட என் அக்காவின் கணவர்.

“ஆடிக்கிட்டே படிங்க அத்தான். தொப்பையும் குறையும்.”

“வீட்டுல உங்க அக்கா ஆட்டிவைக்கிறது போதாதுன்னு நீ வேறயா?”

நல்ல மனிதர். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. இதை நீங்கள் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

எந்தக் கிளை மிகக் குறைவாக மின்சாரம் செலவழிக்கிறதோ, அதன் விளக்குகளைக் கவனிப்பவருக்கே எல்லாக் கிளைகளின் விளக்குப் பொறுப்பும் என்று முதலாளி அறிவித்திருந்தார். போட்டியின் கடைசி நாள் மாலை நாங்கள் மயிரிழையில் முன்னால் இருந்தோம். அப்போதுதான் கிடங்கில் ஏணி சரியும் ஓசை கேட்டது. திரையைப் பார்த்தேன். கிடங்கின் புள்ளி சாம்பலானது, பச்சையானது, மறுபடி சாம்பலானது. ஒரு கையின் அசைவு, அவ்வளவுதான். அதைத் தவிர வேறெதையும் அத்தானால் அசைக்க முடியவில்லை என்பது எனக்கு உடனே விளங்கியது. என் கருவிகள் அத்தனை நுட்பமானவை.

போயிருக்கலாம். ஆனால் நான் ஓடினால் என் பின்னால் கடையே ஓடிவரும். கிடங்கின் விளக்குகள் எல்லாம் எரியும். ஆகவே கருவியின் உணர்திறனைக் குறைத்தேன். எழுந்து நடப்பவருக்கு மட்டும் எரிந்தால் போதும். வெளிச்சம் வேண்டுமென்றால் அவர் எழுந்து நடக்கட்டுமே என்பது எனக்கு நியாயமான ஏற்பாடாகவே பட்டது. புள்ளி சாம்பலாகி, அப்படியே நிலைத்தது. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன், ஐயா. கடை மூடி, மின்கணக்கை அனுப்பிய பிறகே கிடங்குக்குப் போனேன். நாங்கள் வென்றிருந்தோம். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் மருத்துவர்.

மறுநாள் அக்கா வந்தாள். அவர் கிடந்த இடத்துக்கு நேராக நடந்து, அங்கேயே நின்றாள்.

“அக்கா, அப்படி நிக்காத. நடந்துக்கிட்டே இரு, இல்லன்னா லைட்டு அணைஞ்சிடும்.”

அவள் அசையவில்லை. அணைந்தது.

“அணையட்டும்டா. அவரு எதைப் பாத்துக்கிட்டுக் கிடந்தாருன்னு நானும் பாக்குறேன்.”

அத்தனை துக்கத்திலும் என் விளக்குகளுக்காக மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறாளே என்று, இருட்டில் எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.