தாய்மாமனுக்குக் கிளாஸ்கோவில் கச்சேரி

காலை 9.40. இல்ஃபோர்டில் ரயில் ஏறிய அக்காவும் தம்பியும் என் எதிரே அமர்ந்தார்கள்.

"நீ டிரம்ஸ் அடிக்காட்டி ஸ்கொட்லாந்து கடலுக்குள்ளை போகாது," என்றார் அக்கா.

"பிரிஞ்ச பாண்ட் இத்தனை வருசத்துக்குப் பிறகு கிளாஸ்கோவிலை ஒரு நாளைக்குத்தான் சேருது, அக்கா."

"அதே நாள்தான் பெரியபிள்ளையான என்ரை மகளின்ரை சாமத்திய வீடு. தாய்மாமன் இல்லாமல் ஆர் தண்ணி வாக்கிறது?"

"நாளை மாத்துங்கோவன்."

"சடங்குக்கு ஹோல் எடுத்தாச்சு. உங்கடை பாண்ட் மூண்டு ரெக்கோட் போட்டுது. வாங்கினது ஒரு பஸ் நிறைய ஆக்கள்."

"அந்த ஆக்கள் இண்டைக்கும் கேட்கினம்."

"அப்ப அவையளையே சொந்தம் எண்டு வைச்சிரு."

தம்பியின் குரல் தாழ்ந்தது. "உங்கடை கலியாணத்துக்கு நிக்கவேணும் எண்டுதான் பாண்டோடை அமெரிக்கா போகாமல் விட்டனான். அதோடைதான் பாண்ட் உடைஞ்சது. இந்த முறை நான் போறன்."

ஸ்ட்ராட்ஃபோர்டில் அக்கா மட்டும் இறங்கினார்.