இரண்டு பாதிகள்

எங்கள் ஆய்வகத்தில் குளிர்பெட்டிக் கதவை மெதுவாக மூடுகிறவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் அறைந்து சாத்துவார்கள். நான் அவசரக்காரன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டதால் விளக்குகிறேன். அந்த வைரஸுக்கு ஒரு கத்திரி உண்டு. புரதத்தாலான கத்திரி. இழையாகப் பிறந்து, தானே மடிந்து உருவம் கொள்ளும். மடிந்த பிறகும் தனியாக இருக்கும்வரை சோம்பேறி. இன்னொன்றோடு ஒட்டி ஜோடியானால்தான் வெட்டும். அது வெட்டினால்தான் வைரஸ் பெருகும். எங்கள் மருந்து கத்திரியின் வாயை அடைக்கும். அதை உருவாக்கப் பதினோரு வருடம் ஆயிற்று.

கத்திரிகள் என்ன வேகத்தில் சேர்கின்றன, பிரிகின்றன என்று அளப்பவரை நாங்கள் ஜோசியர் என்போம். வரைபடத்தில் கோடு எங்கே போகும் என்று அளப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். ஒரு காலை அவர் தாளோடு என் அறைக்கு வந்தார்.

"சார், மருந்து கொஞ்சமா இருந்தா கத்திரி இன்னும் வேகமா வெட்டுது."

"பிப்பெட்டைச் சரியா பிடிச்சீங்களா?"

"மூணு தடவையும் ஒரே மாதிரி தப்பா பிடிக்கத் தனித் திறமை வேணும் சார். எனக்கு அது கிடையாது."

அவர் சொன்னது எளிமையானது. மருந்து ஒரு கத்திரியின் வாயில் உட்கார்ந்ததும், அந்தக் கத்திரி இன்னொன்றை இழுத்து ஒட்டிக்கொள்கிறது. அந்த இன்னொன்றின் வாய் திறந்தே இருக்கிறது. மருந்து நிறைய இருந்தால் இரண்டு வாயும் அடைபடும். குறைந்தால், "நாமதான் சார் கல்யாணத் தரகர்," என்றார்.

எனக்குப் புரிந்தது. புரதத்தை இருபது மடங்கு ஊற்றி மறுபடி அளக்கச் சொன்னேன். அந்த நெரிசலில் எல்லாக் கத்திரியும் ஏற்கெனவே ஜோடியாகத்தான் இருக்கும். சேர்த்துவைக்க யாரும் மிச்சமில்லை. மருந்து குறைவாக இருக்கும் இடத்தில் கோட்டில் எழுந்திருந்த மேடு மறைந்தது. அதைத்தான் அனுமதிக்கு அனுப்பினோம். நான் எதையும் அழிக்கவில்லை, எதையும் திருத்தவில்லை. அந்த இருபது மடங்கு அறிக்கையில் எழுதியே இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. ஜோசியரை வேறு பிரிவுக்கு மாற்றினேன். அங்கே அவருக்கு ஜன்னலோரம் பெரிய மேசை.

மருந்து கடைக்கு வந்தது. முழு மாத்திரை சாப்பிட்டவர்கள் பிழைத்தார்கள்.

என் தங்கை கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அந்த வைரஸ் காய்ச்சலில் படுத்ததும், "என் மச்சான் செஞ்ச மாத்திரை" என்று பக்கத்து வீடுகளிலெல்லாம் பெட்டியைக் காட்டச் சொன்னாராம். இரண்டாம் நாள் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, மாத்திரை அவருக்கு வயித்தைப் புரட்டுது. பாதியா உடைச்சுக் குடுக்கட்டுமா?"

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், விடமாட்டாள். அந்த ஒரு கேள்வியில் பதினோரு வருடமும் அவிழ்ந்துவிடும்.

"குடு," என்றேன்.

"கேட்டீங்களா, உங்க மச்சானே சொல்லிட்டாரு. இனிமே முகத்தைச் சுளிக்காம முழுங்குங்க," என்று அவரிடம் அவள் சொல்வது போனில் கேட்டது.

ஒன்பதாம் நாள் இறந்தார். எல்லா ஏற்பாட்டையும் நானே முன்னின்று செய்தேன்.

அடுத்த வாரம் தங்கைக்கும் காய்ச்சல். டப்பாவில் உடைத்த பாதிகள் மிச்சமிருந்தன.

"அண்ணா, நானும் பாதி பாதியா சாப்பிடவா?"

"ரெண்டு பாதியையும் சேர்த்துப் போடு. புரட்டினாலும் பரவாயில்ல. ஒரு வேளைகூடக் குறைக்காதே."

டப்பாவிலிருந்த பாதிகளை அவள் எண்ணுவது போனில் கேட்டது. பிறகு கேட்டாள்.

"அவருக்கு மட்டும் ஏன் பாதி?"

நான் போனை வைத்துவிட்டேன். அதையும் மெதுவாகத்தான் வைத்தேன். குணமானதும் அவள் நேராக உங்களிடம் வந்து புகார் கொடுத்திருக்கிறாள். ஜோசியரும் தாளைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

இதுவரை எத்தனை பேர் உடைத்துச் சாப்பிட்டிருப்பார்கள் என்று கேட்கிறீர்கள். அளக்கவில்லை. அளக்காததைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

பாதி என்ன செய்யும் என்று தெரிந்துதான் மாப்பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: தங்கை ஐந்தே நாளில் எழுந்து நடமாடினாள். என் மருந்தில் குறை ஒன்றும் இல்லை.