இரண்டாவது ஓடைக்கு மேலே

— பௌலேனி அத்தான், மலைக்கு ஆள் அனுப்புறீங்களா இல்லையா?

— மெதுவாப் பேசு எனிஃபா. இது காட்டுச் சாவடி, சந்தைக்கடை இல்ல.

— நேத்து விடியறப்ப போன மனுஷன். இப்ப மத்தியானம். சிப்பெரோனிக் குளிர்காத்தோட வந்த மூட்டம் முலாஞ்சே மலையையே முழுங்கிட்டு நிக்குது, எதிர்ல வர்ற ஆடு தெரியல.

— நான் சொல்றேன்ல, காளான் பொறுக்கப் போனவன் பாறையிடுக்குல ஒதுங்கியிருப்பான். பசிச்சா மலை ஆவிங்க களி வைக்கும். தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டு வருவான் உன் வைசன்.

— விளையாடாதீங்க. அவரு போனது காளானுக்கு இல்ல.

— ஏய், வேணாம்.

— தேவதாரு வெட்டத்தான் போனாரு!

— கத்தாதடி! நான் காவக்காரன். காதுல விழுந்தா எழுதியாகணும்.

— எழுதுங்க. ஜெயிலுக்கே போகட்டும். சோளக்களி கிண்டி எடுத்துட்டுப் போவேன், மூஞ்சியையாவது பார்ப்பேன்.

— உனக்கென்ன, சொல்லிட்ட. இது வேற ஜாதித் தேவதாரு, இந்த மலையை விட்டா உலகத்துல எங்கயும் தானா முளைக்காத மரம். விதைக்குன்னு விட்டு வச்சதே நாலஞ்சு. அதுல ஒண்ணைச் சாய்ச்சான்னு தெரிஞ்சா சும்மா விடுவாங்களா?

— மரத்துக்கு அழ எனக்கு இப்ப தெம்பில்ல. நீங்களும் எங்க ஊருக்கு வந்த மாப்பிள்ளை, அவரும் வந்த மாப்பிள்ளை. எங்கம்மா ஒரே முற்றத்துலதான் ரெண்டு பேருக்கும் வீடு கட்டிக் கொடுத்தா. சகலைக்கு இதுகூடச் செய்ய மாட்டீங்களா?

— செய்யாம என்ன? மூட்டம் விலகட்டும், போறேன்.

— அதுவரைக்கும் குளிர் விடுமா? வெளிய தேயிலை கிள்றவங்க பத்துப் பேரு நிக்கிறாங்க, கூட்டிட்டுப் போங்க.

— பத்துப் பேரு போனா பத்து வாய் பேசும். நான் சொல்றேன்ல, தனியாத்தான் போவேன்.

— ஒத்தை ஆளா இவ்ளோ பெரிய மலையில எங்கன்னு தேடுவீங்க?

— தேடவே வேணாம். ரெண்டாவது ஓடைக்கு மேல, செம்பாறைக்குப் பின்னால. நேராப் போயிடுவேன்.

— அத்தான்.

— என்ன?

— எங்க போறேன்னு அவரு என்கிட்டயே சொல்லலையே.

— எனிஃபா, நான் சொல்றதைக் கேளு…

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நாங்க நினைச்ச பக்கம் மரம் சாயல. அவன் கால் அடியில மாட்டிக்கிச்சு. என்னால தூக்க முடியலடி. நான் மலை இறங்குற வரைக்கும் என் பேரைச் சொல்லித்தான் கத்திக்கிட்டிருந்தான்.