நெருக்கி ஊன்றிய தூண்கள்

“ஹலோ... ஹலோ, மாப்ளயா? சேது பேசுறேன், திருப்பாலைக்குடி பூத்துலருந்து... ஆமா, ஆமா, அதிகாரிங்க வந்து துறையப் பாத்துட்டாங்க... மத்தியானமே கெளம்பிட்டாங்க.”

தங்கை செவ்வந்தியின் கணவன் மலையாண்டி இராமநாதபுரத்தில் இருந்தான். படகுத்துறைக்கு வரைபடம் போட்ட இன்ஜினீயர் அவன்தான். வெயிலில் நின்று கட்டியவன் சேதுராமன். போன வாரக் காற்றில், கட்டிக் கிடந்த விசைப்படகுகள் இழுத்த இழுப்பில் துறையின் முனை சாய்ந்துவிட்டது. படகுக்கும் துறைக்கும் நடுவே சிக்கிய மீனவர் மீரா சாகிபுவுக்கு ஒரு கால் போயிற்று. நாளைக்கு விசாரணை.

“காரணம் சொல்லிட்டாங்க மாப்ள. முனையில நாலு தூணையும் நெருக்கி ஊண்டுனதுதானாம்... இல்ல, மண்ணு மேல குத்தமில்ல. சிமெண்டு மேலயும் இல்ல...”

வந்த அதிகாரி விளக்கியதைத் தனக்குப் புரிந்த மட்டும் சேதுராமன் ஒப்பித்தான். பக்கவாட்டில் இழுபடும் தூண், தனக்கு முன்னாலிருக்கும் களிமண்ணில்தான் ஊன்றிக்கொள்ளும். தள்ளித் தள்ளி நின்றால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் மண். நெருங்கி நின்றாலோ, முன் தூண் நகர்ந்ததும் அதன் முதுகுக்குப் பின்னால் மண் இளகி இடைவெளி விழும். பின் தூண் ஊன்ற வேண்டியதும் அதே மண்ணில்தான். அது அரைகுறையாகத் தாங்க, பாரமெல்லாம் முன்னால் நிற்பதன் தலையில் விடியும். கட்டும்போது ஒற்றைத் தூணை இழுத்துப் பார்த்தபோது அசையவே இல்லை. நாலும் சேர்ந்தால் நாலு பங்கு தாங்கும் என்றுதான் சேதுராமன் நம்பியிருந்தான்.

“நான் டிப்ளமோ. எனக்குத் தெரியாது. தெரியாமத்தான உங்களுக்குப் போன் போட்டேன்... எப்பவா? மூழ்குன தோணி புதைஞ்சு கெடக்கு, வெளித் தூணு ரெண்டும் எறங்க மாட்டேங்குதுன்னு கேட்டேனே... உள்ள தள்ளி ஊண்டுங்க, பக்கத்துல பக்கத்துல நின்னா பலம்தான்னீங்க... எழுதிக் கேட்டா ஒரு மாசம் இழுப்பாங்கன்னீங்க...”

மறுமுனைப் பேச்சு நீண்டது. சேதுராமன் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“இன்னொருக்காச் சொல்லுங்க... எழுதிக் குடுத்துட்டீங்களா. நேத்தேயா... உங்களக் கேக்காம நானா மாத்துனேன்னா... சரி. சரி மாப்ள. கேஸு என் மேல விழும், தெரியும்ல... ஆமா, உங்களுக்கு அரசாங்க வேலை. ஆமா... செவ்வந்திட்ட குடுங்க... பக்கத்துலதான் நிக்கிறா, வளையல் சத்தம் கேக்குது. குடுங்க.”

தூணைப் பற்றிக் கேட்ட அன்றைக்குப் போனை எடுத்ததே அவள்தான். புருஷனிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“ஆத்தா, அண்ணன்... ம், சாப்ட்டேன்... நீ அன்னைக்குப் பக்கத்துலதான நின்ன. ரெண்டு பேருக்கும் களிமண்ண விட்டா வேற பேச்சே இல்லன்னு சிரிச்ச... நாளைக்கு வந்து அத மட்டும் சொல்லு. கேட்டுக்கிட்டுத்தான் ஊண்டுனான்னு. வேற ஒண்ணும் வேணாம்...”

அவள் அழுவது கேட்டது.

“அழுகாமச் சொல்லு... என்னது... அன்னைக்கு நீ வீட்டுலயே இல்லையா.”

சேதுராமன் கண்ணாடிக் கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.

“அவரு சொல்லச் சொன்னாரா... நீயாத்தான் சொல்றியா. சரி... இல்ல, கோவமில்ல... என்ன, சின்னவளுக்குக் காதுகுத்தா? தை மாசமா... தாய்மாமன் நான் வரணும். ஆமா, ஆமா, வராம... நாளைக்கு என்னப் பிடிச்சு உள்ள வச்சுட்டா, பிள்ளைய யாரு மடியில உக்கார வச்சுக் குத்துவ, செவ்வந்தி?... சொல்லு... ஹலோ.”

அங்கே போனை வைத்துவிட்டிருந்தார்கள்.